ரொட்டியக்காவின் மூக்கும் சின்னவனின் ரெசினும்

சின்னவன் ரெசின் டின்னின் மூடியைத் திறந்தால் போதும், வீடு காலியாகிவிடும். அந்த வாடையை எதோடு ஒப்பிடுவது என்று அந்த வீட்டில் பலமுறை விவாதம் நடந்திருக்கிறது. புது பெயிண்டில் நகப்பூச்சைக் கலந்து, அதில் கருகிய ஒயரை ஊறப்போட்ட மாதிரி என்பார் அவனுடைய அண்ணன். அவர் லிஃப்ட் மெக்கானிக், கருகிய ஒயரோடு நெடுநாள் பழக்கமுள்ளவர். கீழ் வீட்டில் குடியிருந்த ஹவுஸ் ஓனர் மாமா அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் பாதி ஏறி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "உண்மையைச் சொல்லுங்க, மேல யாரையாவது புதைச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அசையாமல் இருந்தவள் ரொட்டியக்கா ஒருத்திதான். சின்னவனுக்கு அவள் அண்ணி. தெருவில் எல்லோருக்கும் ரொட்டியக்கா. வாடை வந்து மற்றவர்கள் ஜன்னலைத் தேடி ஓடும்போது அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

சின்னவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. உடைந்த ஃபிரேமை ஒட்டுவான், தளர்ந்த திருகை முடுக்குவான், மூக்கில் உட்காராமல் வழுக்கும் கண்ணாடியைச் சூடு காட்டி வளைத்து உட்கார வைப்பான். அந்த ஃபிரேம்களின் நிறங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பிசின் மாதிரி இருக்கும் பாலியெஸ்டர் ரெசினில் நிறப்பொடியைக் கலந்து, அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர் சில சொட்டு விட்டு, விரல் நீள அச்சில் ஊற்றி இறுகவைத்தால் அது பேனாக் கட்டை. அந்தக் கட்டையில் துளை போட்டு, சின்ன லேத்தில் மாட்டிக் கடைந்து, தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றினால் பேனா. முதலில் இதையெல்லாம் தன் அறையில் செய்தான். அங்கிருந்து குளியலறைக்குத் துரத்தினார்கள். குளியலறையிலிருந்து மொட்டை மாடிக்கு நாடு கடத்தினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அதுதான் அவன் தொழிற்சாலை.

ரொட்டியக்காவின் கதை வேறு. கடைத்தெரு முனையில் இருக்கும் பேக்கரியில் அடுப்பு முழுவதும் அவள் பொறுப்பில் இருந்த காலம் உண்டு. கடிகாரம் பார்க்கமாட்டாள், அடுப்புக் கதவைத் திறந்து பார்க்கவும் மாட்டாள். பத்தடி தள்ளி மாவு பிசைந்துகொண்டே, "ரெண்டாவது தட்டை எடுங்க" என்பாள். எடுத்தால் ரொட்டி பொன்னிறத்தில் இருக்கும். முதலாளியம்மா அவளுக்கு மூக்கரசி என்று பட்டமே கொடுத்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, போகும்போது வாசனையை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனது. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே ஒரு தட்டு கேக் கரியாகிப் புகை மண்டியது. அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி சர்க்கரை சலித்துக்கொண்டிருந்தாள்.

யாரும் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. முதலாளியம்மா பக்குவமாக அவளைக் கல்லாவுக்கு மாற்றினாள். டாக்டர், நரம்பு விஷயம், வரும்போது வரும், வராமலும் போகலாம் என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் மூக்கு என்ற சொல்லையே யாரும் அவள் காதுபட எடுப்பதில்லை. அவள் கணவர் பூண்டு வதக்கும்போதுகூட, "ம், வாசனை" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொள்வார்.

அப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். கையில் காகிதக் கோப்பைகள் அடுக்கு.

"அண்ணி, உங்க கை ரெண்டும் வேணும்."

"எதுக்கு?"

"ரெண்டு நிறத்தையும் ஒரே நேரத்துல ஊத்தணும். ஒண்ண ஊத்திட்டு அடுத்ததை எடுக்கறதுக்குள்ள முதல்ல ஊத்தினது கட்டியாயிடுது. அண்ணன் வரமாட்டேங்கறார். ஹவுஸ் ஓனர் மாமாவைக் கேட்டா வீட்டையே காலி பண்ணச் சொல்லுவார்."

"கை மட்டும் போதுமா?"

"கை மட்டும் போதும். மூக்கு வேண்டாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கோப்பை அடுக்கு கையிலேயே நசுங்கியது. ரொட்டியக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். திருடும்போது பிடிபட்ட பூனையைப் போல நின்றவனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாக அந்த விஷயத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"வா, இந்த வேலைக்கு என்னை விட்டா உனக்கு ஆளே கிடையாது" என்று கையைத் துடைத்துக்கொண்டு படியேறினாள்.

மேலே போனதும் முதல் சண்டை முகமூடிக்கு. இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா வைத்த ரப்பர் முகமூடியை அவன் நீட்டினான். எனக்கு எதற்கு என்றாள் அவள்.

"வாடை தெரியலன்னா அது உள்ள போகலன்னு அர்த்தம் இல்ல அண்ணி. போடலன்னா டின்னைத் திறக்க மாட்டேன்."

"பெரிய டாக்டரு" என்று முணுமுணுத்தபடி மாட்டிக்கொண்டாள். இருவரும் இரண்டு பெரிய ஈக்கள் மாதிரி எதிரெதிரே நின்றார்கள்.

அவன் ரெசினை எடை போட்டு இரண்டு கோப்பையில் ஊற்றினான். தேன் நிறத்தில் குழைவாக இருந்தது. ஒன்றில் நீலப் பொடி, மற்றதில் முத்து வெள்ளை. ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டுக் குச்சியால் வேகவேகமாகக் கலக்கினான். அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"என்னடா இது, முட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிற. காத்தெல்லாம் உள்ள போயிடாதா?"

"போகுது. அதான் கட்டையெல்லாம் குமிழியா வருது."

"குடு இங்க."

கேக் மாவில் கடைசியாக மாவைச் சேர்க்கும்போது செய்வது போலக் கோப்பையை மெல்லச் சுற்றி, குச்சியை அடியிலிருந்து மேலாகத் தூக்கி, மடித்து மடித்துக் கலந்தாள். பிறகு கோப்பையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரெசின் உள்ளுக்குள் சூடாகி, மெல்லக் கெட்டிப்படத் தொடங்கும் ஒரு தருணம் உண்டு. அதற்கு முன்னால் ஊற்றினால் நிறங்கள் கரைந்து ஒன்றாகிவிடும். தாண்டிவிட்டால் கட்டி கட்டியாக விழும். "இப்ப" என்றாள் அவள். இருவரும் இரண்டு பக்கத்திலிருந்து ஊற்றினார்கள். குச்சியால் ஒரே ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, அவன் இன்னொரு முறை இழுக்கப் போனபோது கையில் ஒரு தட்டு தட்டினாள். வரிவரியாக நிறம் ஓடும் கேக்கை வாழ்நாள் முழுக்கச் சுட்டவளுக்கு எங்கே கையை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அச்சைப் பிரித்தபோது, உள்ளே வெண்மேகம் நகர்வது போலிருந்த ஒரு நீலக் கட்டை வந்தது. ஒரு குமிழி இல்லை. சின்னவன் அதை மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் மொட்டை மாடிதான். கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன கைகளுக்கு மறுபடி உயிர் வந்தது. கலப்பதும் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதும் சரியான நேரத்துக்குக் காத்திருப்பதும் அவளுக்குப் பழகிய வேலை. மூக்கு மட்டும் இங்கே தேவையில்லை. வாரநாளில் முதலாளியம்மா "என்ன, முகமே தெளிஞ்சிருக்கு" என்று கேட்கும் அளவுக்கு ஆனாள்.

எல்லாம் சுபமாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. மழை பெய்து குளிர்ந்திருந்த ஒரு நாளில் ரெசின் இறுகவே மறுத்தது. சின்னவன் பொறுமையிழந்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஹார்டனரை இன்னும் கொஞ்சம் சாய்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோப்பை தானாக நெளிந்தது, புகைந்தது, உள்ளே படீரென்று விரிசல் விட்டது. சின்னவன் துள்ளிக் குதித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தான். அவள் பேக்கரிக் கையுறையை மாட்டி, கோப்பையைத் தூக்கிப் போய் வெளியே மணல் வாளியில் வைத்துவிட்டு, "வெளிய வாங்க சார், ஆபத்து நீங்கிடுச்சு" என்றாள்.

"கீழ சொல்லிடாதீங்க அண்ணி."

"நான் எதுக்குச் சொல்லணும். புகை சொல்லிடுச்சு."

கீழே படிக்கட்டில் அவள் கணவரும் ஹவுஸ் ஓனர் மாமாவும் ஆளுக்கொரு வாளித் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நாளில் அவளுக்கு ஒன்று புரிந்தது. சின்னவன் போகிற போக்கில் பேனா செய்கிறவன், திடீரென்று ஒரே ஒரு பேனாவுக்கு மட்டும் உயிரை விட ஆரம்பித்தான். வெள்ளியும் பச்சையும் கலந்து, விடியற்காலைத் தண்ணீர் மாதிரி வேண்டும் என்றான். மூன்று கட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டான். அவள் பார்வைக்கு மூன்றும் நன்றாகத்தான் இருந்தன.

"யாருக்குடா இது?"

"சும்மா. பழகறதுக்கு."

"பேரு என்ன, அந்தப் பழகறதுக்கு?"

அவன் காது சிவந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியதில் விஷயம் வந்தது. கடையில் கண் பரிசோதிக்கிற பெண். சுவரில் எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்வதால் எல்லோரும் எழுத்து டீச்சர் என்பார்கள். ஓர் ஆண்டாக அவள் அறைக்குக் கண்ணாடிகளை எடுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கிறான். "இது சரியா இருக்கா பாருங்க", "சரியா இருக்கு". இதற்கு மேல் பேச்சு வளரவில்லை. இவன் உள்ளே போனால் அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள் என்பது மட்டும் அவனுக்குக் கவலையாக இருந்தது.

"காத்து வேணும்னு திறப்பா. அதுக்குப் போய் என்ன கவலை?" என்றாள் ரொட்டியக்கா.

நாலாவது கட்டை அவனுக்குப் பிடித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை லேத்தில் மாட்டினான். கடையும்போது பாலியெஸ்டர் சும்மா இருக்காது. இறுகி நாளானாலும் உளி பட்டதும் பழைய வாடை முழுவதையும் மறுபடி கக்கும். சீவல் நாடா நாடாவாகச் சுருண்டு பறந்து வந்து, பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ரொட்டியக்காவின் தோளிலும் தலையிலும் விழுந்தது. உளி கொஞ்சம் அதிகம் அழுத்தினால் கட்டை தெறித்துவிடும் என்பதால் இருவரும் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டார்கள். தெறிக்கவில்லை. வேலை முடித்து, முகமூடியைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு கீழே சாப்பிட இறங்கினார்கள்.

அண்ணனும் சின்னவனும் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் குனிந்து பரிமாறும்போது கூந்தலிலிருந்து ஒரு பச்சைச் சுருள் நழுவித் தட்டின் ஓரத்தில் விழுந்தது. விரலால் எடுத்தாள். எடுத்த கையாலேயே நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மூக்கின் உள்ளே, கண்ணுக்குப் பின்னால் எங்கோ, ஊசி நுனி மாதிரி ஏதோ ஒன்று பட்டது. தலைவலி என்றுதான் முதலில் நினைத்தாள். சுருளை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தாள். ஊசி பெரிதானது.

"என்ன?" என்றார் கணவர்.

"ஏதோ நாறுது" என்றாள்.

சாப்பாட்டை வாயருகே கொண்டுபோன இரண்டு கைகளும் பாதியில் நின்றன. சின்னவன் கையை மெதுவாகத் தட்டில் இறக்கினான். "எப்படி நாறுது அண்ணி?"

அவள் கண்ணை மூடி மறுபடி இழுத்தாள். "கேவலமா இருக்கு. பெயிண்ட்... இல்ல, அதுக்கும் மேல. குடலைப் புரட்டுது. இதையா இத்தனை நாளா இந்த வீட்டுல எல்லாரும் சகிச்சுக்கிட்டு இருந்தீங்க?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுகிறாளா, வாடையா என்று யாருக்கும் தெரியவில்லை. கணவர் எழுந்து வந்தார். என்ன செய்வது என்று தெரியாமல், பதினாறு மாடி லிஃப்டின் மேல் பயமில்லாமல் நிற்கிற மனிதர், அவள் தலையிலிருந்த சீவல்களை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து அவளிடமே கொடுத்தார். "இந்தா, இதையும் மோந்து பாரு. இது இன்னும் மோசமா இருக்கும்" என்றார். 

அதற்குப் பிறகு சாப்பாடாவது ஒன்றாவது. ரொட்டியக்கா வீடு முழுக்கச் சுற்றினாள். சோப்பை மோந்தாள், ஒன்றுமில்லை. வெங்காயத்தை நறுக்கி மோந்தாள், தூரத்தில் யாரோ கூப்பிடுவது போல லேசாக வந்தது. காப்பித் தூள் டப்பாவைத் திறந்தாள், ரப்பர் எரிகிற நாற்றம் அடித்தது. "காப்பி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். நேற்றுதான் வாங்கினேன் என்றார் கணவர். அதற்கும் சிரித்தாள். அவருடைய வேலைச் சட்டை, செருப்பு, தலையணை ஒன்றையும் விடவில்லை. கடைசியில் சின்னவன் பக்கம் வந்து, அவன் தோளருகே ஒரு மூச்சு இழுத்தாள். அப்படியே இரண்டடி பின்வாங்கினாள்.

"அடப்பாவி. நீ தினமும் இப்படியேதான் கடைக்குப் போறியா?"

"ஏன், எப்படி?"

"டின்னைத் திறந்து மேல ஊத்திக்கிட்ட மாதிரி இருக்கு. சட்டை, முடி, எல்லாம். அந்தப் பொண்ணு எதுக்கு ஜன்னலைத் திறக்கிறான்னு இப்பத்தான் எனக்குப் புரியுது."

சின்னவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்தது. ஆனால் மூக்கு வந்த உற்சாகத்தில் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. அன்று மாலைக்குள் அவனுடைய சட்டைகள் அத்தனையும் கொடியில் காய்ந்தன. அவனை இரண்டு தடவை குளிக்க அனுப்பினாள். வெளியே வந்தவனைப் பரிசோதித்து மூன்றாவது தடவை அனுப்பினாள். தேய்த்து மெருகேற்றிய பேனாவை ஒரு மூக்குக்கண்ணாடி டப்பாவில் வைத்து, சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு மறுநாள் காலை அவனைக் கடைக்கு அனுப்பி வைத்தாள்.

பேக்கரியில் அவளுக்குக் கல்லாவில் இருப்புக் கொள்ளவில்லை. சாக்குச் சொல்லிச் சொல்லி அடுப்பறைக்குப் போய் வந்தாள். ரொட்டி வாசனை வரவில்லை. ஆனால் ஒரு தட்டில் பிஸ்கட் ஓரம் கருகத் தொடங்கியபோது, "அதை எடுங்க" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எடுத்தார்கள். அவள் சொன்னது சரியாக இருந்தது. முதலாளியம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "எப்படித் தெரிஞ்சுது? சொல்லு, எப்படித் தெரிஞ்சுது?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். ரொட்டியக்கா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். அடுப்பறையில் இருந்த நாலு பேரும் மாவுக் கையோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் சேலை வெள்ளையாகிவிட்டது.

அந்தக் கோலத்தில் அவள் இருந்தபோதுதான் மத்தியான இடைவேளையில் சின்னவன் பேக்கரிக்குள் நுழைந்தான். பின்னால் ஒரு பெண். அவள் சட்டைப் பையில் அந்தப் பச்சைப் பேனா செருகியிருந்தது. சின்னவன் பேயறைந்தவன் மாதிரி இருந்தான். அந்தப் பெண்தான் பேசினாள்.

"நீங்கதான் அண்ணியா? இவரை என்னங்க பண்ணினீங்க?"

ரொட்டியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, என்ன ஆச்சு?"

"காலைல என் அறைக்கு வந்தாரு. வெறும் சோப்பு வாசனை. எனக்குப் பயமாப் போச்சு. அந்த வேலையை விட்டுட்டீங்களான்னு கேட்டேன். எந்த வேலைன்னு முழிக்கிறாரு. ரெசின் வேலைதான்னு சொன்னேன்."

"உனக்கு எப்படித் தெரியும் அது ரெசின்னு?"

"எங்க அப்பா படகு பழுது பாக்கிறவரு. ஃபைபர் படகு. ஓட்டை விழுந்தா இதே ரெசினைத் தடவித்தான் அடைப்பாரு. சின்ன வயசுல அவர் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் மடியில உட்காருவேன், சட்டை பூரா இதே வாசனை. இவர் என் அறைக்குள்ள வந்தாலே எனக்கு வீட்டு ஞாபகம் வந்துரும்."

"அப்புறம் ஜன்னலை எதுக்குத் திறப்பீங்க?" இதைக் கேட்டவன் சின்னவன். ஓர் ஆண்டாக அவன் தொண்டையில் நின்ற கேள்வி.

"வர்றவங்க எல்லாம் என்ன நாத்தம்னு கேக்கறாங்களே. உங்களை யாரும் எதுவும் சொல்லிடக் கூடாதுன்னுதான்."

கல்லாவுக்கு முன்னால் ரொட்டி வாங்க நின்ற வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ரொட்டியக்கா இரண்டு பன்களைக் காகிதத்தில் சுற்றி அந்தப் பெண் கையில் வைத்து, "போய் வெளிய பெஞ்சுல உட்கார்ந்து பேசுங்க. இங்க வியாபாரம் நடக்கணும்" என்றாள். அவர்கள் வெளியே போனார்கள். சின்னவன் கதவு என்று நினைத்துக் கண்ணாடிச் சுவரில் முட்டிக்கொண்டு, பிறகு சரியான கதவைக் கண்டுபிடித்தான்.

அடுத்தடுத்த வாரங்களில் வாசனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வந்தவை எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காப்பி ரப்பராகவே இருந்தது. ரோஜாப்பூ சிலசமயம் பழைய துணி மாதிரி அடித்தது. ஆனால் ஒரு காலை, கல்லாவை விட்டு வந்து அடுப்புக்குப் பத்தடி தள்ளி மாவு உருட்டிக்கொண்டிருந்தபோது, ரொட்டி வந்தது. சூடாக, லேசாக இனிப்பாக, மேல் ஓடு பொன்னிறமாகத் திரும்பும் அந்த நொடியின் வாசனை. யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய் அடுப்புக் கதவைத் திறந்து தட்டை வெளியே இழுத்தாள். அதன் பிறகு கல்லாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

மொட்டை மாடியை அவள் விடவில்லை. இப்போது முகமூடியை வற்புறுத்துகிறவள் அவள்தான். எழுத்து டீச்சர் முதல் முறை வீட்டுக்கு வந்த அன்று நேராக மாடிக்குப் போகலாம் என்றாள். சின்னவன் டின்னைத் திறக்கப் போனபோது ரொட்டியக்கா ஒரு முகமூடியை நீட்டினாள்.

"கொஞ்சம் மட்டும் மோந்துட்டு மாட்டிக்கறேனே" என்றாள் எழுத்து டீச்சர்.

"ஒரே ஒரு மூச்சு. அதுக்கு மேல கிடையாது. வாசல்ல நின்னுக்கோ."

அவள் ஒரு மூச்சு இழுத்து, கண்ணை மூடி, நிம்மதியாக விட்டுவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டாள். ஊற்றுகிற பொறுப்பை அவளுக்குக் கொடுத்தார்கள். சிவப்பையும் பச்சையையும் ஊற்றினாள், குச்சியால் ஓர் இழுப்பு இழுத்தாள். அழகாக வந்தது. இன்னும் அழகாக வரட்டும் என்று இன்னொரு இழுப்பு, அதைச் சரிசெய்ய இன்னும் ஒன்று. ரொட்டியக்கா தட்டிவிடக் கையை ஓங்கி, புதுசாக வந்த பெண் ஆயிற்றே என்று இறக்கிக்கொண்டாள். மறுநாள் அச்சிலிருந்து வந்தது, சாக்கடை நிறத்தில் ஒரு கட்டை.

சின்னவன் அதை எப்படிப் புகழ்வது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வந்த அவன் அண்ணன், இத்தனை நாளில் ஒரு பேனாக் கட்டையையும் ஏறிட்டுப் பார்க்காதவர், அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நல்லாருக்கே. கிரீஸ் கலரு. அழுக்குக் கையால தொட்டாலும் தெரியாது. இதை எனக்குப் பேனாவாக் கடைஞ்சு குடு."

"நிஜமாவா அண்ணே?"

"பின்ன? நீ செய்யறதெல்லாம் நகை மாதிரி இருக்கு. அதை வெச்சு நான் லிஃப்ட் கிணத்துக்குள்ள நின்னு எழுத முடியுமா?"

அடுத்த வாரம் அவர் சட்டைப் பையில் அந்தப் பேனா ஏறியது. எழுத்து டீச்சர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் அதை எடுத்து, எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும், செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்துக்கொள்வார்.